பின் கேட்டில் சாண்டா

டிச. 15, திங்கள்

காலையிலிருந்தே தூறல். ஆரம்பாக்கத்தில் ரயில் லேட். நான் ஸ்கூல் போய்ச் சேருவதற்குள் என் யு.கே.ஜி. வகுப்பில் மூன்று பேர் அழுகை.

லீவுக்கு முன் முடிக்க வேண்டியவை: பஞ்சு ஒட்டிப் பனி மனிதன், ஸ்வெட்டர் கலரிங், கிறிஸ்துமஸ் டான்ஸ். சாண்டா வேஷத்துக்கு ஆள்.

பனி எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஃப்ரிஜ்ல மேல ஒட்டிக்கினு இருக்குமே மிஸ், அது" என்றான் தருண். அதற்கு மேல் நான் என்ன சொல்லித்தர.

பிங்கி இன்றும் வாயைத் திறக்கவில்லை. ஜூனில் ஒரிசாவிலிருந்து வந்த குழந்தை. அப்பா பிரதாப்புக்கு சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. இத்தனை மாதமாகத் தலையாட்டல் மட்டும். கவலையாக இருக்கிறது.

டிச. 16

பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுவதாக வாட்ஸப்பில் வீடியோ. எந்த ஊர், எப்போது, ஒன்றும் இல்லை. கேட்டில் அம்மாக்கள் கூட்டம். "வடக்கேர்ந்து வந்துக்கிறாங்களாம் மிஸ். வேசம் போட்டுக்கினு வந்து மூட்டைல தூக்கினு போயிடுவானுங்களாம்."

பெரிய மிஸ் உத்தரவு: டான்ஸை நிறுத்து, பாதுகாப்புப் பாடம் நடத்து. தெரியாதவர் மிட்டாய் நீட்டினால் வேணாம், ஓடு, கத்து. பாட்டாக்கிச் சொல்லிக்கொடுத்தேன். டான்ஸ் இன்னும் தகராறு, இது ஒரே பீரியடில் வந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பெருமை.

டிச. 18

சாண்டா கிடைத்தாயிற்று. பிரதாப். நைட் ஷிப்ட், பகலில் ஃப்ரீ, தொப்பையும் உண்டு. கேட்டதும் வெட்கச் சிரிப்பு. "பிங்கிக்கு சொல்லாதீங்க மேடம்."

நான் சொன்னது: நாளைக்கு ரூமிலேயே டிரெஸ், முகமூடி மாட்டிக்கொண்டு மிட்டாய் மூட்டையோடு பின் கேட் வழியாக வாங்க. முகமூடியைக் கழற்றாதீங்க. யார் கேட்டாலும் பேசாதீங்க, குரலை வைத்துப் பிங்கி கண்டுபிடித்துவிடுவாள்.

சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் பலூன் விற்கும் வடநாட்டுக்காரரை நான்கு பேர் மறித்து விசாரணை. ரயில் வந்ததும் ஏறிவிட்டேன். பிரதாப் நினைவே வரவில்லை.

டிச. 19, வெள்ளி

இன்று சாண்டா வரும் நாள்.

பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக. பின் கேட்டில் சத்தம். சிவப்பு டிரெஸ்ஸைச் சுற்றி டீக்கடை ஆட்கள்.

"ஸ்கூல் பின்னாடி இன்னாடா வேல?"

"மூட்டைல இன்னா? வாயத் தொறடா."

அவர் திறக்கவில்லை. நான் சொல்லியிருந்தேனே. முகமூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதனாலேயே இன்னும் அடி.

பிள்ளைகள் பார்த்துவிட்டு வேணாம், வேணாம் என்று கத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் கத்தக் கத்த வெளியே ஆட்களுக்கு வெறி ஏறியது. என் பக்கத்தில் ஒரு புதுக் குரல், எல்லாருக்கும் மேலே, கழுத்து நரம்பு புடைக்க. பிங்கி. "வேணாம், ஓடு, கத்து."

நான்தான் வரச் சொன்னேன் என்று அலறினேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆயா கஸ்தூரியக்காதான் கேட்டைத் திறந்து நடுவில் புகுந்தார். "உட்டுடுங்கடா, நம்ம ஸ்கூல் கொழந்தையோட அப்பன்டா அவரு."

விட்டார்கள். வெள்ளைத் தாடி முழுக்க ரத்தம். பிள்ளைகளை உள்ளே அனுப்பும்வரை அவர் முகமூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பாவி நான்.

டிச. 22

லீவுக்கு முன் கடைசி நாள். நல்ல வெயில். வேலையை விட்டுவிடலாமா என்ற யோசனையோடேயே போனேன்.

பிரதாப் பிங்கியைக் கூட்டிவந்தார். உதட்டில் தையல். கம்பெனியில் கம்பி பட்டுவிட்டது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன், அழுதுவிட்டேன். அவர் வகுப்பு வாசலோடு நின்றுகொண்டார்.

பிங்கி என் துப்பட்டாவை இழுத்தாள்.

"மிஸ், நான் கத்துனேன். திருடன் போயிட்டான்."

என்னிடம் அவள் பேசிய முதல் தமிழ். கையை நீட்டினாள். நன்றாகச் செய்தால் புறங்கையில் ஸ்டார் ஒட்டுவோம்.

பிரதாப்பைப் பார்த்தேன்.

"குடுங்க மேடம். பாடம் அச்சா சொல்லிச்சு இல்ல?"

ஒட்டினேன். அப்பாவிடம் காட்ட ஓடினாள்.