மதகடி வீடு

மதகடி
07.09.2025

அன்புத் தம்பி இராசதுரைக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் எடுத்தால் "கூட்டத்தில நிக்கிறன் அக்கா" என்கிறாய். ஊருக்குத்தான் நீ பிரதேச சபை மெம்பர், எனக்கு மூக்கு வடிந்த தம்பிதான். அதனால்தான் மீன் கொண்டுவரும் முத்தலிப் நானாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வதனிக்குத் தையில் கலியாணம். கிரான் ஊர் மாப்பிள்ளை மதுஷன் நல்ல பிள்ளை. அம்மா எனக்குத் தந்த வீட்டை, நம் வழக்கப்படி நான் மகளுக்குக் கொடுக்கிறேன். மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பார். மாமன் நீ முன்னுக்கு நின்று நடத்தித் தரவேண்டும்.

ஒரே ஒரு பயம். வாவிக்கரையில் சபை கட்டப்போகும் நடைபாதைக்காக நம் வீட்டடி மதகை மூடப்போகிறார்களாம். வயல் பக்கத்து மாரி வெள்ளம் வாவிக்கு இறங்க வேறு வழி ஏது? வெள்ளைக்காரனும் நம்மைக் கேட்டு எதுவும் செய்யவில்லைதான். ஆனாலும் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்துத்தான் அந்த மதகைக் கட்டினான். சபையில் கேள் மனே.

அன்புடன்,
அக்கா கண்ணகை


21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கொடுத்துவிட்ட இறாலை உங்கள் மச்சாள் பொரித்தாள். உங்கள் கைப்பக்குவம் வராது, அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சபையில் பெரிய சண்டை. "வரைபடத்தைச் சனத்துக்குக் காட்டுங்க, செலவைப் பாக்க ஒரு குழு போடுங்க" என்று எழும்பிக் கேட்டேன். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மார்கழிக்குள்ள வேலை முடியாட்டி காசு கொழும்புக்குத் திரும்பிப் போயிரும். உங்களாலதான் போச்செண்டு சனத்துக்குச் சொல்லவா மெம்பர்?" என்றார். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. மதகை மூட விடமாட்டேன், என்னை நம்புங்கள்.

அன்புத் தம்பி,
இராசதுரை


மதகடி
05.10.2025

என் ராசாவுக்கு,

உன் கடிதத்தைக் கண்டபிறகுதான் நித்திரை வந்தது. வதனியின் அறைக்குப் புதுச் சீமெந்து போட்டோம். கலியாணச் சோற்றுக்கு நெல்லும் இறக்கியாயிற்று.

அயல் சனமெல்லாம் சபைக்கு முன்னால் போய் நிற்க வெளிக்கிட்டார்கள். "வேணாம், என்ர தம்பி பாத்துக்குவான்" என்று நான்தான் மறித்தேன். உனக்குக் கரைச்சல் வரக்கூடாது பார்.

அன்புடன்,
அக்கா


26.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கிவிட்டேன். குழுவும் போடவில்லை. மதகுக்குப் பதிலாகக் குழாய் வைப்பதாகத் தலைவர் சொன்னார். வைப்பார்கள் அக்கா. நான் மட்டும் மறுத்துக் காசு திரும்பிப் போயிருந்தால், ஊர் என்னை என்ன சொல்லியிருக்கும்? கோபிக்காதீர்கள். கலியாணத்துக்கு மாமன் செய்யவேண்டியதில் ஒரு குறையும் வைக்கமாட்டேன்.

தம்பி


கிரான்
14.12.2025

தம்பி இராசதுரைக்கு,

நீ மூன்று தரம் வந்து பார்த்துப் போனாயாம். நான் வெளியே வரவில்லை, வர மனமில்லை.

மதகை மூடினார்கள், குழாய் வைக்கவில்லை. வெள்ளம் உயர்த்திக் கட்டிய நடைபாதையில் முட்டி ஊருக்குள்ளேயே நின்றது. நம் வீட்டின் பின்சுவர் முதலில் விழுந்தது, பிறகு வதனியின் அறை. நெல் முளைத்துவிட்டது. எங்களை முத்தலிப் நானாதான் தோணியில் ஏற்றினார். நடைபாதை மட்டும் ஈரம் படாமல் வடிவாகக் கிடக்கிறது.

அயல் சனம் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை தம்பி. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அவர்களை மறித்தவள் நான்தானே.

கலியாணம் நிற்கவில்லை. மதுஷனின் தாய் "வீடு போனா என்னகா, பிள்ளைய இஞ்ச கூட்டி வாங்க" என்றாள். நம் குடியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வாழப்போகிற முதல் பெண் என் மகள். அவள் சிரித்துக்கொண்டுதான் திரிகிறாள். எனக்குத்தான் தாங்கமுடியவில்லை.

தை பன்னிரண்டு, இங்கேதான் கலியாணம். நீ வா. சபை மெம்பர் என்று முன்வரிசையில் கதிரை போட்டு, மாலையும் போடச் சொல்லியிருக்கிறேன். மாமன் நிற்கிற இடத்துக்கு முத்தலிப் நானாவைக் கேட்டேன். அவர் அழுதுவிட்டு ஓம் என்றார்.

கண்ணகை