ராயப்பனின் பெயர்

ஆம்பூர்,
12.11.2024

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? தாங்கள் இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறீர்களா? நான் நலம்; தோல் தொழிற்சாலைகளின் வாடைதான் இன்னும் பழகவில்லை.

ஊர் வரலாற்றுக் கண்காட்சிக்கான பழைய புகைப்படங்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுகையில் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன், கவலை வேண்டாம். 1974ஆம் ஆண்டுப் படமொன்றில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியருகே பதினோரு பேர் நிற்கிறார்கள். அந்த ஆண்டின் தொழிலாளர் வருகைப் பதிவேட்டிலும் பதினோரு பெயர்கள் இருந்ததால், அதே வரிசையில் எழுதி ஒட்டினேன். மேஸ்திரியின் பெயர் அந்தப் பதிவேட்டில் வராது என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை.

நேற்று நாட்றம்பள்ளியிலிருந்து சவுரியம்மாள் என்ற முதியவர் வந்தார். மறைந்த கணவர் ராயப்பனின் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். இங்கே அவர் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, முகத்தைப் பார்க்க வந்திருக்கிறார். ராயப்பன் என்று ஒட்டியிருந்த முகத்தைக் காட்டினேன்.

"இன்னா சார் இது? இவன் மேஸ்திரி. அவர வேலைய வுட்டுத் தொரத்துனவனே இவன்தான். இவன் மூஞ்சிக்குக் கீழ அவரு பேரா?"

பதினோரு முகங்களிலும் விரல் வைத்துப் பெயர் சொன்னார். ராயப்பன் அதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு, படத்தில் இல்லாதவர் பெயர் கூடாது என்ற கண்காட்சி விதிப்படி அப்பெயரை நீக்கிவிடுவதாகச் சொன்னேன்.

"மூஞ்சிதான் இல்ல. பேரையும் எடுத்துட்டா அப்புறம் இன்னா சார் இருக்குது?"

இன்று காலை பெயர்களைத் திருத்தினேன். கடைசி வரியில், "படத்தில் இல்லாதவர்: ராயப்பன்" என்று சேர்த்தேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். தாங்களும் அம்மாவும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றும் வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

சவுரியம்மாள் மகளோடு வாசலில் நிற்கிறார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது; அந்த ஒரு வரியை நான்தான் படித்துக்காட்ட வேண்டும். முடிக்கிறேன்.

தங்கள் மகன்,
கதிரேசன்