பாவு முடிகிற இடத்தில் ஒரு கிணறு

20 ஜனவரி 2025, திங்கள்

முதல் நாளே பாச்சாவோடு சண்டை.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் என் வரைபடத்தை எட்டிப் பார்த்துப் போட்டவன். இன்று ஒப்பந்தக்காரரின் சைட் இன்சார்ஜ். நான் இடத்துக்காரர்கள் தரப்பில் மேற்பார்வைப் பொறியாளர். அவன் செய்ய வேண்டும், நான் குறை சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வருடம் கழித்துப் பார்க்கிறோம், ஒரு டீ குடித்திருக்கலாம். அதற்குள் ஒப்பந்தத்தைப் பிரித்துவிட்டேன்.

நான்கு மாடி பெண்கள் விடுதி. அடியில் மணல் என்பதால் பைல் அடித்தளம், அதாவது ஆழத் துளைத்துக் கான்கிரீட் நிரப்பும் தூண்கள், மொத்தம் இருபத்து நான்கு துளை. மணலில் துளை போட்டால் பக்கம் சரியும். சரியாமல் இருக்க இரும்புக் குழாய் இறக்க வேண்டும். அதுதான் கேசிங், உறை. கான்கிரீட் ஏற ஏற அதை உருவி எடுத்து அடுத்த துளைக்குக் கொண்டுபோகலாம். பாச்சா நாலு மீட்டர் போதும் என்கிறான். ஒப்பந்தம் ஆறு மீட்டர் என்கிறது. அல்லது கெட்டிக் களிமண்ணுக்குள் ஒரு மீட்டர். இரண்டில் எது ஆழமோ அதுவரை.

“எழுதினது யாரு? நீதானே?” என்றான்.

“நான்தான். அதனாலதான் சொல்றேன்.”

“மாறவே இல்லம்மா நீ.”

ஆறு மீட்டர் இறங்கியது.

22 ஜனவரி, புதன்

சொந்த ஊரில், அண்ணன் வீட்டில் தூக்கம் நன்றாக வருகிறது. காலையில் தறிச் சத்தத்தில் எழுந்தேன். தாம்பரத்தில் என் வீட்டில் என்றால் மிக்ஸி சத்தம்.

24 ஜனவரி, வெள்ளி

ஐந்து நாளாக அந்த மனையில் நிற்கிறேன், இன்றுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இது எங்கள் இடம்!

எங்கள் இடம் என்றால் எங்களுக்குச் சொந்தமில்லை. ஐந்து நெசவுக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீடு. எனக்குப் பதின்மூன்று வயதில் எல்லோரும் காலி செய்தோம். பிறகு இடித்து, மண் கொட்டி, மட்டம் செய்து, தகர வேலி போட்டிருக்கிறார்கள். வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில், இடுப்பளவு ஒரு கல் சாய்ந்து நிற்கிறது. மேலே கயிறு உரசித் தேய்ந்த பள்ளம். விரலை வைத்தேன், விரல் அப்படியே பொருந்தியது.

பாவுக் கல். விடியற்காலையில் பாவை, தறியில் நெட்டுவாக்கில் ஓடும் பட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அப்பாவும் இன்னும் நாலு பேரும் இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழைகளைப் பிணைப்பார்கள். ஒரு முனை இந்தக் கல்லில். மறுமுனை கிணற்றடியில். ஒரு பக்கம் அந்தி மஞ்சளும் இன்னொரு பக்கம் அரக்கும் கலந்த பாவின் நிறம் வெயில் ஏறுவதற்குள் மாறிக்கொண்டே இருக்கும். கிணற்றடியில் நிற்பதுதான் என் வேலை. தண்ணீர் எடுக்க வருகிறவர்கள் குடத்தைத் தளும்பவிட்டால் பாவு கெட்டுவிடும். “பாவு, பாவு” என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும்வரை அதுதான் எனக்கு உத்தியோகம். எவ்வளவு பெருமை அதில்! ஆறடி மாமாக்கள் எல்லாம் என் குரலுக்கு ஒதுங்கிப் போவார்கள். இன்று சைட்டில் அத்தனை மரியாதை கிடையாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்தது உறைக்கிறது. கிணறு. அந்தக் கிணறு எங்கே?

27 ஜனவரி, திங்கள்

மண் பரிசோதனை அறிக்கையில் கிணறு இல்லை. மூன்று இடத்தில்தான் துளைத்துப் பார்த்திருக்கிறார்கள். எப்படி இருக்கும்?

தூர்த்த கிணற்றின் மேல் பைல் வந்தால், ஆறு மீட்டர் உறைக்குக் கீழே செங்கல்லும் சேறும் குப்பையும்தான். உறையை உருவியதும் பக்கம் சரிந்து கான்கிரீட்டுக்குள் புகும். மேலே பார்க்க ஒன்றும் தெரியாது. மேலே நான்கு மாடி, அதில் யார் யார் வீட்டுப் பெண்களோ படுத்துத் தூங்குவார்கள்.

இதற்கும் ஒப்பந்தத்தில் வழி வைத்திருக்கிறேன். தூர்த்த கிணறு, குட்டை உள்ள இடத்தில் உறையை அதன் அடிவரை இறக்க வேண்டும், உருவக் கூடாது, நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். அடுத்த வரியும் என் கைவேலைதான்: அப்படிப்பட்ட இடத்தை முன்கூட்டியே காட்டித் தருவது பொறியாளரின் பொறுப்பு.

பாச்சா அந்த வரியைத்தான் காட்டினான். “எங்க இருக்குதுன்னு சொல்லு. இறக்கித் தரேன். மனை முழுக்கத் தோண்டிப் பாக்க முடியாதுப்பா, மெஷின் நிக்க ஜல்லி கொட்டி இறுக்கியாச்சு.”

நியாயம்தான்.

28 ஜனவரி, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். என் மூளைக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கல் இருக்கிறது. பாவு தெருவை ஒட்டி நேராகப் போகும், அது மாறாது. பாவு முடிகிற இடத்தில் கிணறு. அப்படியானால் பாவின் நீளம் தெரிந்தால் போதும்! அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தான். “அண்ணா, ஒரு பாவு எவ்ளோ நீளம்?”

“மூணு பொடவைக்கு பதினெட்டரை மீட்டர் வரும். ஏன், நெய்யப் போறியா?”

டேப் பிடித்து அளந்தோம். கல்லிலிருந்து பதினெட்டரை. சரியாகப் பதினோராம் பைல். நீளமான குழாய் கொண்டுவரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். சென்னையிலிருந்து வர வேண்டும்.

3 பிப்ரவரி, திங்கள்

ஒன்றுமில்லை.

பதினோராவது துளையில் சுத்தமான மணல். ஐந்து மீட்டரில் சாம்பல் நிறக் களிமண், அறிக்கையில் போட்டிருக்கிறபடியே. ஒரு ஓட்டுத் துண்டு கூட வரவில்லை. நீளக் குழாய்க்காக மெஷின் மூன்று நாள் சும்மா நின்றது. ஆபரேட்டர் ஏழுமலை ஒவ்வொரு முறை மண்ணை வெளியே கொட்டும்போதும், “மேடம், கெணறு வந்துச்சா பாருங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாச்சா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

சாயந்திரம் சென்னை அலுவலகத்திலிருந்து சிவபாலன் சார் போன். “துர்காதேவி, சின்ன வயசு ஞாபகத்தை வெச்சுக்கிட்டெல்லாம் வேலைய நிறுத்தக் கூடாது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அங்க வேற ஆளைப் போட வேண்டியிருக்கும்.”

சரி சார் என்றேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

அப்படியானால் கிணறே இல்லையா? நான் நின்றதும் கத்தினதும்?

6 பிப்ரவரி, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பாச்சா வீட்டுக்கு வந்தான். என்னைப் பார்க்க இல்லை, அண்ணனைப் பார்க்க. அவன் பெண் ஸிந்துஜாவுக்குச் சித்திரையில் கல்யாணம். மடிசார் கட்ட ஒன்பது கஜம் வேண்டும். கடையில் கிடைப்பது பிடிக்கவில்லையாம், தறியில் சொல்லி நெய்ய வேண்டுமாம்.

“எங்கம்மா கல்யாணப் பொடவை உங்கப்பா நெய்ஞ்சதுதான். அம்மா இன்னும் வெச்சிருக்கா, ஒரு இழை போகலை. அதே மாதிரி வேணும்” என்றான்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். “செஞ்சிரலாம். ஆனா ஒம்பது கஜம்னா பாவே வேற. இப்ப நாம ஓட்றது ஆறு கஜத்துக்கு. அப்பா இருந்த வரைக்கும் சின்ன காஞ்சிபுரத்து மடிசார் ஆர்டர்தான், எல்லாம் ஒம்பது கஜம். அப்ப பாவு இருவத்தாறு மீட்டர் போவும்.”

காபி டம்ளர் கையிலிருந்து விழுந்துவிட்டது. அண்ணி ஓடி வந்தாள்.

இருபத்தாறு!

“ஏன்ணா அன்னிக்கே சொல்லலை?”

“நீ பாவு எவ்ளோ நீளம்னு கேட்ட, சொன்னேன். அப்பாவோட பாவுன்னா கேட்ட?”

கேட்கவில்லை. நெசவுக்காரன் மகள், இதைக் கேட்கத் தோன்றவில்லை. பாவு என்றால் ஒரே நீளம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். படித்த படிப்புக்கு நெருப்பு வைக்க.

கல்லிலிருந்து இருபத்தாறு என்றால் ஏழரை மீட்டர் தள்ளி. இரண்டு பைல் தாண்டி. பதின்மூன்று. திங்கட்கிழமை துளைப்பதாக அட்டவணையில் இருக்கிறது. ஆறு மீட்டர் உறையோடு.

பாச்சா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. “நான் எதுவும் கேக்கலை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

7 பிப்ரவரி, வெள்ளி

காலையில் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வானேன், இரண்டு மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். திரும்பவும் தப்பாகிவிட்டால் சைட் போய்விடும், பேரும் போய்விடும். சொந்த ஊரிலிருந்து அனுப்பி வைப்பார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறது மாடியில் படுக்கிற பெண்களுக்கு, என்றைக்கோ.

பதினொரு மணிக்குக் கடிதம் எழுதினேன். பதின்மூன்றாம் பைலுக்குப் பன்னிரண்டு மீட்டர் நிரந்தர உறை. முந்தைய இடம் காட்டியதில் பிழை என்னுடையது. அளவின் ஆதாரம்: பாவு. இந்தச் சொல்லை அலுவலகக் கடிதத்தில் முதல்முறை எழுதுகிறேன்.

சிவபாலன் சார் இரண்டே வார்த்தையில் பதில்: உங்கள் பொறுப்பு.

பாச்சாவிடம் நகலைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டான். “நீளக் குழாய் இன்னும் இங்கதான் இருக்குது. திருப்பி அனுப்பலை.”

“ஏன்?”

“உன்னைத் தெரியும்.”

10 பிப்ரவரி, திங்கள்

காலை எட்டே முக்கால். மூன்று மீட்டர் வரை மணல். நான்கில் மணல். ஏழுமலை என்னைப் பார்த்தான், நான் வேலியைப் பார்த்தேன். நாலரையில் மெஷின் சத்தம் மாறியது. கம்பி தொய்ந்து, துளைக்கும் வாளி ஒரு முழம் தானாகவே கீழே இறங்கியது. ஏழுமலை, “ஐயோ!” என்று நிறுத்திவிட்டான்.

வாளி மேலே வந்தது. கறுப்புச் சேறு. செங்கல். வளைந்த சுடுமண் துண்டுகள், கிணற்று உறை. அழுகின தேங்காய்நார்க் கயிறு. அந்த நாற்றம். அதோடு பாசியும் ஈரச் சுண்ணாம்புமாக எங்கள் கிணற்றடி வாசனை. முப்பத்தைந்து வருடம் மண்ணுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும்தான், ஹெல்மெட்டோடு. யாரும் சிரிக்கவில்லை.

பத்தரை மீட்டரில் கிணற்றின் அடி. பன்னிரண்டு வரை உறை இறங்கியது. மாலை கான்கிரீட் கணக்குப்படி, ஒரு கூடை கூடவும் இல்லை குறையவும் இல்லை. குழாயை உருவவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

பாச்சா சொன்னான்: “ஸிந்துஜா பொடவைக்கு ஆர்டர் குடுக்க ஒரு வாரம் தள்ளி வந்திருந்தேன்னா?”



11 பிப்ரவரி, செவ்வாய்

ஒன்றை நேற்று எழுதவில்லை. ஒன்பதாவது மீட்டரில் ஒரு பித்தளைக் குடம் வந்தது, அப்பளம் மாதிரி நசுங்கி. யாரும் பார்ப்பதற்குள் சேற்றைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயது. கிணற்றடிக் காவல். சும்மா நிற்காமல் அம்மாவின் குடத்தைச் சுவரில் வைத்துச் சுழற்றி விளையாடினேன். விழுந்துவிட்டது. அப்பா வந்து கேட்டபோது, அண்ணன் கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று சொன்னேன். பாவுக் குச்சியால் நான்கு அடி, அவன் முதுகில். அவன் வாயே திறக்கவில்லை. நானும் முப்பத்தொன்பது வருடமாகத் திறக்கவில்லை.

இன்று சாப்பிட்டு முடித்ததும் அவன் முன்னால் குடத்தை வைத்துச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவன் குடத்தின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது நம்ம கொடம் இல்ல. நம்மளுதுல அப்பா பேரு வெட்டியிருக்கும்.”

“அண்ணா, நான் சொன்னது காதுல விழுந்துதா?”

“விழுந்துது. நீதான் தள்னேன்னு அப்பவே தெரியும். நான் பாத்துக்கினுதானே இருந்தேன்.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“உனக்கு அன்னிக்குப் பரிட்சை. அடி வாங்கினா அழுதுக்கினே எழுதுவே” என்றான். எழுந்து தறிக்குப் போய்விட்டான்.

குடத்தை யார் வீட்டுடையது என்று தெரியாமல் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

2 ஏப்ரல், புதன்

பைல் சோதனை எல்லாம் முடிந்தது. பதின்மூன்றாம் பைலும் நன்றாக இருக்கிறது. சிவபாலன் சார் அடுத்த கட்டிடத்துக்கும் என்னையே ஒப்பந்தம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

அதைவிட முக்கியம், ஸிந்துஜா புடவைக்கு இன்று பாவு நீட்டினார்கள். அண்ணன் வீட்டுத் தெருவில், ஐந்தரை மணிக்கு. இருபத்தாறு மீட்டர், மயில்கழுத்து நிறம். நான் டேப் எடுத்துக்கொண்டு போனேன், அண்ணி என்னை முறைத்தாள். அளந்தேன். இருபத்தாறு மீட்டர், பத்து சென்டிமீட்டர்.

அண்ணன் பாவின் தலைமாட்டில் இழை பார்த்துக்கொண்டிருந்தான். கால்மாட்டில் நிற்க ஆள் இல்லை. நின்றேன். எதிரே அதே தெருவில் இருக்கிற கிரேஸ் டீச்சர் ஸ்கூட்டியில், கால்வைக்கிற இடத்தில் இரண்டு தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு வந்தார்.

“பாவு, பாவு!”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். டீச்சர் பயந்து ஒதுங்கிப் போனார்.

தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் நிமிராமலே கேட்டான்:

“துர்கா, கையில கொடம் எதுவும் இல்லியே?”