அம்மாவின் கைக்கு ஏற்ற மரம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஒரு வரியில் நானும் முடித்துவிடலாம், ஆனால் நீ அந்த வரியை நம்புகிற ஆள் இல்லை. போன முறை போனில் கேட்டாயே, அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம், ஏன் பேசவே மாட்டேங்கறாங்க என்று. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், அதனால் மழுப்பிவிட்டேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றும் சொன்னாய். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் அழுவேன், அதனால் பட்டறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து இழைப்பு மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் மரத்தூள் இருந்தால் தட்டிவிட்டுப் படி.

கோபம் இல்லையம்மா, வெட்கம். பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் போனதைத்தான் உனக்குச் சொன்னேன், நாக்கு குழறுவதைச் சொல்லவில்லை. அவள் சொல்லவிடவில்லை. நெரிசல் பஸ்ஸில் கடைசி சீட்டில் தூங்குகிறவனைக்கூட முன்னாலிருந்தே ஒரு சத்தத்தில் எழுப்பி டிக்கெட் கேட்டவள். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவள் குரல் கேட்டால் ஆட்டோக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். அந்தக் குரல் இப்போது ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி சொட்டுச் சொட்டாக வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டாள், "பொண்ணு காதுல இந்தக் குரல் விழ வேண்டாம்" என்று. நீ வீடியோவில் வரும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை, உனக்குத் தன்னைக் காட்டப் பிடிக்காமல்.

அதோடு நடக்கவும் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நடந்தால்தான் கால் திரும்பும் என்று உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண் தினமும் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் அலுமினியச் சட்டத்துக்கு உன் அம்மா கூண்டு என்று பெயர் வைத்து, அதில் துண்டு காயப்போட்டாள். சரி, நான் எதற்கு இருக்கிறேன், காலம் பூராவும் மரம் அறுக்கிறவன் வீட்டில் ஒரு கைத்தடிக்கா பஞ்சம் என்று, நல்ல வேலைக்கென்று எடுத்து வைத்திருந்த தோதகத்தித் துண்டைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றினேன். கருஞ்சிவப்பில் ரேகை ஓடுகிற மரம், மெருகு ஏற்றியபோது முகம் தெரிந்தது. உன் அம்மா அதை வாங்கி ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு, வாசல்ல வைங்க, திருடன் வந்தா அடிக்கலாம்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தோதகத்தி கனம். நல்ல கையுள்ளவனுக்கே கொஞ்ச தூரத்தில் தோள் இறங்கிவிடும், மரத்தின் அழகைப் பார்த்தேனே தவிர யார் தூக்கப்போகிறார்கள் என்று பார்க்கவில்லை. அடுத்துக் குமிழ மரத்தில் ஒன்று செய்தேன். குமிழ் இலேசு, வெயிலுக்கும் மழைக்கும் முறுக்காது, சொன்ன பேச்சு கேட்கிற மரம். அதையும் வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னாள், "இலேசுதான். ஆனா இதையும் நான்தானே தூக்கணும்? நான் எதையும் தூக்கற நெலமையில இல்லைங்க. என்னத் தூக்கற மாதிரி எதாவது இருந்தா குடுங்க." ஓடுகிற பஸ்ஸில் தான் எதையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததில்லை, கம்பி நின்ற இடத்தில் நிற்கும், தான்தான் இடுப்பையும் தோளையும் அதில் சாய்த்துச் சாய்த்துப் போவேன் என்றாள். உடம்பு சரியில்லாமல் போன பிறகு அவள் அத்தனை நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அப்படித்தான் வீட்டுக்குள் சுவரோரமாகக் கைப்பிடி ஓட்டுவது என்று முடிவாயிற்று. கட்டிலில் ஆரம்பித்துக் கூடம், அடுக்களை, குளியலறை, வாசல் வரைக்கும். விஷயம் கேள்விப்பட்டதும் உன் மாமா, அவர் அவசரம்தான் உனக்குத் தெரியுமே, மறுநாளே ஒரு வண்டி மரத்தோடு வந்து இறங்கினார். அக்காவுக்காக யாரோ தெரிந்தவர் தோட்டத்தில் சாய்ந்த தைல மரத்தைக் கையோடு அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார், வெட்டிய வாயில் இன்னும் தண்ணீர் கசிகிறது. பச்சை மரத்தைச் சுவரில் அடித்தால் காயக் காயச் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், ஆணியைத் தானே பிடுங்கிப் போட்டுவிடும், அக்கா அதில் சாய்கிற அன்றைக்கு அக்காவோடு சேர்ந்து கீழே வரும் என்றேன். "மரம் மரம்தானே மச்சான், நீங்க எதுக்கெடுத்தாலும் ஜாதகம் பாக்கறீங்க" என்று கோபித்துக்கொண்டார். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை, பட்டறைக்குப் பின்னால் நிழலில் அடுக்கி வைத்திருக்கிறேன், காய்ந்த பிறகு எதற்காவது ஆகும். அவரும் காய்ந்து சரியாகிவிட்டார், நேற்று வந்து டீ குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு முதலில் தேக்குதான் தோன்றியது. எங்கள் தொழிலில் யோசிக்கச் சோம்பல்பட்டால் கை தேக்குக்குத்தான் போகும், அதற்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது, தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு நீளம் இழைத்துக் கூடத்தில் பொருத்தியும் விட்டேன். பயிற்சிப் பெண் வந்து பார்த்தாள், கையை வைத்துத் தடவினாள். "அங்கிள், இது உங்க கைக்குச் செஞ்சிருக்கீங்க" என்றாள். திரும்பி வரும்போது இந்தக் கைதானே பிடிக்க வேண்டும் என்று அம்மாவின் இடது கையைப் பிடித்து அதில் வைத்துக் காட்டினாள், விரல் பாதி சுற்றில் நின்றுவிட்டது, பிடி இல்லை, வெறுமனே மேலே கிடந்தது. அது மட்டும் இல்லை, அந்த உள்ளங்கையில் உணர்ச்சி கிடையாது, போன வாரம் சூடான டம்ளரைப் பிடித்துத் தோல் வெந்ததே தெரியவில்லை என்று சொன்னாள். மரச் சிலாம்பு ஏறினால்கூடத் தெரியாது, உள்ளேயே சீழ் பிடிக்கும். தேக்கு காய்ந்த பிறகு விளிம்பில் மெல்லிசாக நார் கிளம்பும் என்பது எனக்குத் தெரியும், நம் கைக்குச் சுருக்கென்று உறைத்ததும் இழுத்துக்கொள்வோம், அதனால் அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை. இழுத்துக்கொள்ளத் தெரியாத கைக்கு எந்த மரம் என்று என்னிடம் யாரும் அதுவரை கேட்டதும் இல்லை. அந்தப் பெண் பிடியின் பருமனைத் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து அளவு காட்டிவிட்டுப் போனாள். நான் பொருத்தியதைக் கழற்றினேன்.

பட்டறையில் கிடந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரே மாதிரி உருட்டி இழைத்து, தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். நனைந்து காய்ந்தால்தான் மரம் தன் குணத்தைக் காட்டும், எவ்வளவு வழவழப்பாக இழைத்தாலும் சிலதில் நார் திரும்ப எழுந்துகொள்ளும். நைலான் துணியை ஓட்டிப் பார்த்தேன், இழை மாட்டினால் அது கழிந்தது. மிச்சத்தை ஒரு தட்டில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். இடது கையால் தெரியாது, வலது கை காய்த்துப்போனது என்பதால் அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். வேம்பு நல்ல மரம்தான், பூச்சி அண்டாது, ஆனால் நார் ஒன்று இப்படி ஒன்று அப்படிப் போகும், "இது சண்டைக்கு வருது" என்று கீழே வைத்தாள். பலா வெண்ணெய் மாதிரி இருந்தது, மஞ்சளும் அவளுக்குப் பிடித்தது, ஆனால் நகம் பட்டாலே தடம் விழும், தினமும் எடை தாங்குகிற இடத்துக்கு ஆகாது என்று நானே தடுத்துவிட்டேன். வாகை சொரசொரவென்று இருந்தது. "இன்னொண்ணு குடுங்க, இன்னொண்ணு குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் மரத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனை நாளைக்குப் பிறகு ஒன்றை வேண்டும் என்று கேட்கிறாள். பூவரசில் வந்து நின்றாள். இரண்டு தரம் கன்னத்தில் இழுத்தாள். "இது பேசாம இருக்கு" என்றாள். பூவரசு நெருங்கிய நார், விரிசல் விடாது, அதிர்ச்சி தாங்கும், வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் போடுகிற மரம். அதில் ஒரே தொல்லை, நேராக வளராது, நீளமான துண்டு கிடைக்காது. துண்டு துண்டாக இணைத்துத்தான் ஓட்டினேன். எடை விழுகிற தாங்கிகளுக்குக் கருவேலம், அடித்தாலும் உடையாது. தேக்கைக் குளியலறை முக்காலிக்கு மட்டும் எடுத்துக்கொண்டேன், ஈரத்தில் நிற்க அதற்கு இணை கிடையாது. வார்னிஷ் அடிக்கவில்லை, பளபளப்பாக இருக்கும், ஈரக்கை வழுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் தேய்த்தேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், மாமா உளறி நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. நடுவில் ஒரு நாள் விழுந்துவிட்டாள். நான் பட்டறையில் இருந்தபோது தனியாகப் புறப்பட்டிருக்கிறாள், அடுக்களைக் கதவு வருகிற இடத்தில் கைப்பிடி விட்டுப்போகும், அந்த இடைவெளியில் கால் சறுக்கி அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடவே இல்லை. நான் தண்ணீர் குடிக்க வந்தபோது தரையில் இருக்கிறாள். இனி நான் இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று கத்தினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "திருப்பத்துல கம்பி இல்லாம எவன் வண்டி கட்டினான்?" என்றாள். அடி ஒன்றும் இல்லை, டாக்டரிடம் காட்டிவிட்டோம். நான்தான் அன்றைக்கு முழுக்க உளியைத் தொடவில்லை. இந்த வேலையெல்லாம் செய்து அவளை விழுவதற்குத் தயார் செய்கிறேனோ என்று நினைத்தேன், கட்டிலிலேயே இருந்தால் பத்திரமாக இருப்பாளே என்றும் நினைத்தேன். பயிற்சிப் பெண்ணிடம் கேட்டேன். "விழறதுக்கு பயந்தா கட்டில்தான் அங்கிள், அப்புறம் அங்கேர்ந்து எழுப்பவே முடியாது" என்றாள். கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் தூக்கிவிட்டு உள்ளே போவார்களே, அந்த மாதிரி கீல் வைத்து ஒரு துண்டு செய்து கதவுக்குக் குறுக்கே போட்டேன். இப்போது திருப்பத்திலும் கம்பி இருக்கிறது.

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். கைப்பிடி வாசற்கதவு வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து வெளிக்கதவுவரை வெறும் தரை, வெயிலும் மழையும் படுகிற இடம், அதற்குத் தேக்கே சரி என்று முன்னே கழற்றிய அந்த நீளத்தை அவள் கைக்கு ஏற்றபடி மெலியச் சீவி, விளிம்பை நன்றாகத் தேய்த்துத் தயாராக வைத்திருந்தேன். இன்று காலையில் கம்பம் நடக் குழி தோண்டலாம் என்று கடப்பாரையையும் அந்தத் தேக்குப் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்தால், கைப்பிடியின் நுனியில் நின்றுகொண்டிருக்கிறாள். "அதுக்கு மேல வேண்டாங்க" என்றாள். ஏன் என்றேன். நுனியைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். நான் பலகையைத் தூக்கிய நிலையிலேயே நின்றேன், கீழே போட்டால் அந்தச் சத்தத்துக்கே விழுந்துவிடுவாளோ என்று பயம், ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று பார்த்தால் கண்ணாலேயே வர வேண்டாம் என்கிறாள். இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு தரம் ஆடினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள், பிறகு வந்துவிட்டாள். வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். ஒரு பெண் சைக்கிளில் போனாள், ஒரு வேன் போனது, அதையெல்லாம் புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். நான் மெல்லப் பலகையை இறக்கினேன். திரும்பாமலே சொன்னாள், "வேலைய விட வேண்டாம்னு அவளுக்கு எழுதுங்க. லீவு கெடைக்கறப்ப வரட்டும். வந்தா கை குடுக்கக் கூடாது, பக்கத்துல நடந்தா போதும்." அந்தப் பலகை இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, எதற்குப் போடலாம் என்று தெரியவில்லை.

ஆகவே மகளே, ராஜினாமா எதையும் எழுதாதே, எழுதியிருந்தால் கிழித்துப் போடு. உன் மனசு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நீ அங்கே வாங்கிய மேசை மரம் இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது, படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அதன் மேல் ஈரப் பாத்திரம் வைக்காதே, ஊறி வீங்கிவிடும். நேரத்துக்குத் தூங்கு. உடம்பும் மனசும் ஒருபோதும் குறையில்லாமல், நினைத்த காரியம் கைகூடி, எங்கே இருந்தாலும் நாலு நல்ல மனிதர்கள் சூழ நீ நன்றாக இருக்க வேண்டும், இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிற ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அவள் எடுப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எடுத்தால், குழறினால், என்னம்மா என்னம்மா என்று திருப்பிக் கேட்காதே, அவளுக்காக நீ வார்த்தையை முடித்துவைக்கவும் செய்யாதே. கொஞ்சம் பொறுத்திரு. அடுத்த சொல் வரும்.

உன் வரவை எதிர்பார்க்கும், ஆனால் அவசரப்படுத்தாத,
அப்பா