ஏட்டையா என்று கூப்பிட்ட குரல்

தென்காசி,
ஆடி முதல் வெள்ளி.

அன்பு மகள் ஸ்ரீதேவிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. இந்தக் காலத்தில் கடிதமா என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். வீட்டில் இருக்கிற ஒரே போனை உன் அப்பா அணைத்து, துண்டில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். போன் எடுக்கவில்லையே என்று ஜபல்பூரில் நீ தவித்துப் போவாய் என்று மாடி வீட்டு ஸ்வாதியிடம் சொல்லி, நல்லா இருக்கோம், கடிதம் வருது என்று ஒரு வரி அனுப்பச் சொன்னேன், வந்ததா. அவள் போனிலேயே பேசலாம்தான், ஆனால் என் குரல் உனக்குத் தெரியாதா, தெருவுக்கே கேட்கும், கீழே இருக்கிற அப்பாவுக்கும் கேட்கும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி. போன வாரம் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது, அப்பா குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தோசைக்கு உட்கார்ந்தார், அப்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "ஏட்டையா, நல்லா இருக்கியளா, சுகாதாரத்துறையில இருந்து பேசுதேன்" என்றான் ஒருவன். அவ்வளவுதான், மனுஷன் தோசையை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரை ஏட்டையா என்று கூப்பிட டீக்கடை சுந்தரபாண்டியனை விட்டால் யார் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கெல்லாம் அவர் வெறும் அண்ணாச்சிதானே. இவன் சொல்லுக்குச் சொல் ஏட்டையா போட்டான். இன்னும் கொரோனா பூஸ்டர் ஊசி போடவில்லையே, உங்களைப் போன்றவர்கள் வரிசையில் நிற்கலாமா, பேரைப் பதிந்துவிட்டால் நர்ஸ் வீட்டுக்கே வரும் என்றான். ஆதார் எண்ணைக் கேட்டான், பென்ஷன் எந்த பேங்கில் வருகிறது என்று கேட்டான், ஏதோ லிங்கை அமுக்கச் சொன்னான், கடைசியில் ஓடிபி கேட்டான். உன் அப்பா அதை எப்படிச் சொன்னார் தெரியுமா, வயர்லெஸ்ஸில் சொல்லுவாரே அதே மாதிரி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, திரும்பவும் ஒருதரம், முடிவில் ஓவர் என்று வேறு. நான் கரண்டியோடு நின்று சிரித்தேன். சாயங்காலம் பார்த்தால் பென்ஷன் கணக்கில் ஒன்றும் இல்லை.

காசு போனது போகட்டும், நீ எதுவும் அனுப்பவேண்டாம், என் கவலை அது இல்லை. பேங்கில் எழுதிக் கொடுத்தோம், இந்த மாதிரி போன் மோசடிக்கென்று இருக்கிற 1930 நம்பருக்குக் கூப்பிட்டுச் சொன்னோம், ஸ்டேஷனிலும் புகார் கொடுங்கள் என்றார்கள். அதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். உத்தியோகம் பார்த்த ஸ்டேஷனில் போய் ஏமாந்தவன் என்று பெஞ்சில் உட்காரவா என்கிறார். அதுகூடப் பரவாயில்லை என்று இருந்தேன். நேற்று முன்தினம் நம் பகுதி நர்ஸ் பேச்சித்தாய் வந்தாள், போன வருஷம் அப்பா ஆக்ஸிஜனில் கிடந்துவிட்டு வந்தபோது தினமும் வந்து பார்த்துக்கொண்ட அதே பேச்சித்தாய்தான். ஆஸ்பத்திரியில் பூஸ்டர் இலவசமாகப் போடுகிறார்கள், ஆதாரை எடுத்துக்கொண்டு நேரே வந்தால் போதும் என்று சொல்ல வந்தவளை, சாரலில் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்து அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். அவளும் முகம் சுளிக்காமல் காட்டினாள். போகும்போது அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, "மறக்காம வந்திருங்க ஏட்டையா" என்றாள் பாவம். கேட்டைப் படாரென்று சாத்திவிட்டார். அதற்குப் பிறகு ஊசிப் பேச்சே எடுக்கக்கூடாது, டீக்கடைக்கும் போவதில்லை. தெருவில் வீட்டுக்கு வீடு இருமல், குற்றாலத்தில் எங்கெங்கிருந்தோ வந்த கூட்டம், இவர் அங்கே போய்க் குளிப்பதை மட்டும் விடவில்லை. படுத்தால் அவர் இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஆவணியில் நீ பேறுகாலத்துக்கு வருகிறாய், பிறக்கிற பிள்ளையை அவர் மடியில் போட நான் யோசிக்கிற நிலை வந்துவிடக்கூடாது.

இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அவனுக்கு எப்படி ஏட்டையா தெரியும், ஊசி போடாதது எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரே குடைச்சல். நேற்று ஸ்வாதி ஆசையாக ஒரு படம் காட்டினாள். ஆனியில் அப்பா பிறந்தநாளுக்கு நீ ஃபேஸ்புக்கில் போட்ட காக்கி உடுப்புப் படம். அதன் கீழே, எங்கள் ஏட்டையாவுக்கு வாழ்த்து, பூஸ்டருக்குப் பயந்து ஒளிகிறவரை யாராவது பிடித்துத் தாருங்கள் என்று எழுதி, வாழ்த்துச் சொல்ல அவர் நம்பரையும் போட்டிருக்கிறாய். முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு அழுகை வந்தது. நீ பிரியத்தில் எழுதினாய், அதை அந்தப் பாவியும் படித்துவிட்டான், வேறென்ன. ஸ்வாதியிடம் நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. அப்பாவுக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்று, யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். டாக்டரைக் கேட்டு அவளைக் காலாகாலத்தில் ஊசி போடச் சொல்லு, போனில் எந்த நம்பரையும் எவனிடமும் சொல்லவேண்டாம் என்று எழுது, என்றார். ஏட்டையா சொன்னதாக எழுதவா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "அப்பான்னே எழுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

அதனால் ஆவணி வரை இருக்காதே, டாக்டர் சரி என்றால் ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளையோடு வந்துவிடு. போனில் கூப்பிட வேண்டாம், போனில் யார் கூப்பிட்டாலும் அவருக்கு அந்தக் குரல்தான் கேட்கும். நேரே வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, சின்னதில் கூப்பிடுவாயே அதேமாதிரி தெருவுக்கே கேட்கும்படி ஏட்டையா என்று கூப்பிடு. அவர் கதவைத் திறந்தால் செருப்பைக்கூடக் கழற்றாதே, அப்படியே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. நானும் பின்னாலேயே வருகிறேன், எனக்கும் ஊசி பாக்கி.

நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்கவேண்டும், மாப்பிள்ளை காமராஜுக்கும் எங்கள் ஆசி. இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை எடுத்துவிடு.

இப்படிக்கு,
அம்மா முத்துலட்சுமி,
அப்பா.