ரெண்டு ரபிமார்

என்ர அம்மாவுக்கு,

நான் யூத மதத்துக்கு மாறப்போறன் எண்டதும் நீங்கள் போனை வைச்சிட்டீங்கள். அதுக்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளேல்லை. ட்ராமில ஏறுறன், இடையில இறங்கி நடக்கிறன்.

சூரிச்சில ரெண்டு யூத குருமாரைப் பார்த்தன். அவையை ரபி எண்டுறது. லிபரல் சபை ரபி ஒரு பெண். "ஒரு வருசம் படியுங்கோ. அம்மா வீட்டில சாப்பிடுறதோ விடுறதோ உங்கட விருப்பம்," எண்டா. நிம்மதியாய் வெளியில வந்தன். தெருமுனை வரமுன்னமே அந்த நிம்மதி எனக்குப் பிடிக்காமல் போச்சு.

பழைய சட்டங்களை அப்பிடியே கைக்கொள்ளுற ஆர்த்தடொக்ஸ் சபை ரபி கண்டிப்பானவர். என்னை ரெண்டுதரம் திருப்பி அனுப்பினார்; மாற வாறவையை அப்பிடித்தான் சோதிக்கிறதாம். மூண்டாம்தரம், "சனிக்கிழமை எங்கட ஓய்வுநாள், ரயில் ஏறேலாது, அம்மாவின்ர சட்டியில சமைச்சது சாப்பிடேலாது. ஏன் இந்தப் பாடு?" எண்டு கேட்டார்.

"என்ர அம்மா பனி கொட்டினாலும் விடியப் பூசைக்குப் போறவ. நான் அவவின்ர பிள்ளை. அரைகுறையாய் எனக்கு வராது," எண்டன்.

அவரிட்டத்தான் படிக்கப்போறன், அம்மா.

யூதருக்கு நண்டு விலக்கு; உங்கட நண்டுக்கறியைப் பற்றி இப்ப எழுதேலாமல் இருக்கு. ஆனால் அவரிட்ட ஒண்டு கேட்டன், நான் மாறினால் அம்மா எனக்குச் சமைக்கவே ஏலாதோ எண்டு. புதுச் சட்டி வாங்கி, அடுப்பை மட்டும் யூதராய் மாறின நான் மூட்டிவிட்டால், நீங்கள் பருப்புக்கறி வைக்கலாமாம்.

வாற கிழமை என்னோட கடைக்கு வாறீங்களோ? சட்டியை நீங்களே பார்த்து எடுங்கோ.

உங்கட மூத்தவள்