திருகு மேலே இருக்க வேண்டும்

கவென்ட்ரி
9 பிப்ரவரி 1997

நெரிஸுக்கு,

ஃபோன் பண்ணாதே, எழுது என்றாய். ஃபோனில் உன்னை நான் பேசி முடிக்க விடுவதில்லையாம், காகிதத்தில் குறுக்கே பேச முடியாதாம். சரி, எழுதுகிறேன். கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

பிரேக் இன்னும் சரியாகவில்லை. மிதித்தால் பெடல் ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போகிறது. பிரேக் ஆயில் போகும் குழாய்க்குள் காற்று நிற்கிறது என்று அர்த்தம். நீ கிளம்பிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதுதான்: காற்றை வெளியே விடும் திருகை நான் மூடுவதற்குள் நீ பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாய், காற்று உள்ளே போய்விட்டது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

காற்றை எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். முப்பது வயதான கார் என்னிடம் வேறெதையும் கேட்கவில்லை. எஞ்சின் அருமையாக ஓடுகிறது. ஒரு சனிக்கிழமை வா. இரண்டு மணி நேரம் போதும்.

ஏட்ரியன்

பி.கு. உன் பச்சை ரப்பர் பூட்ஸ் கராஜில் கிடக்கிறது. அனுப்பவா?


பார்மத்
18 பிப்ரவரி

அன்புள்ள ஏட்,

(இப்படித்தான் தொடங்க வேண்டும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்.)

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு அறை. விடியும் முன்பே வாசனை எழுப்பிவிடுகிறது. ஜன்னலைத் திறந்தால் கடல், திறக்காவிட்டாலும் கடலின் ஈரம். பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். பிரசவத்துக்குப் போன டீச்சருக்குப் பதிலாகத்தான் வந்தேன், அவர் இனி வரமாட்டாராம். அந்த வேலையை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறாயா என்று தலைமையாசிரியை கேட்கிறார். ஏப்ரல் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியாமல் போகலாம், அதனால் உன் பாணியிலேயே சொல்கிறேன்: ஏப்ரல் முப்பது வரை நான் வீட்டுக்குத் திரும்பக்கூடியவள்.

ஆனால் பிரேக்குக்காக வரமாட்டேன். எத்தனை ஞாயிறு அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். "மிதி. பிடி. விடு." காலையிலிருந்து இருட்டும்வரை இந்த மூன்று வார்த்தைதான். ஒருநாள் டீ வேணுமா என்று கேட்டதற்கும் "பிடி" என்றாய்.

பூட்ஸ் அங்கேயே இருக்கட்டும்.

நெரிஸ்


கவென்ட்ரி
9 மார்ச்

அன்புள்ள நெரிஸ்,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

இதுவரை செய்தவை. பெடலுக்குப் பின்னாலுள்ள சிலிண்டரில் ரப்பர் வாஷர்கள் புதிது. மூன்று குழாய்களும் புதிது. பிரேக் ஆயில் நான்கு லிட்டர் வீண். ஒரே ஆள் காற்றெடுக்க ஒரு கருவி விற்கிறார்கள், ஒரு பாட்டில், ஒரு குழாய், அவ்வளவுதான். வாங்கினேன், பிரயோஜனமில்லை. பிறகு பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே துடைப்பக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். நான் சக்கரத்தடியில் படுத்திருக்கும்போது கட்டை நழுவி ஹாரனில் விழுந்தது. எழுந்து போய் எடுக்கும்வரை அலறிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு போகாக் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, உள்ள யாரு?"

"யாருமில்ல. துடைப்பக் கட்டை."

"அது கோவிச்சுக்கிட்டுப் போகாது, அந்த வரைக்கும் நல்லது. ஆள் வேணும்னா கூப்பிடு. இருபத்தேழு வருஷம் பஸ்ஸுல பிரேக் மிதிச்ச கால் இது."

வேண்டாம் என்றேன். அது உன் இடம். இப்படி எழுதினால் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் வேறு யாரையும் அங்கே உட்காரவைக்கத் தோன்றவில்லை.

சாப்பாடெல்லாம் கராஜிலேயே. டப்பா பீன்ஸைச் சூடாக்காமலும் தின்னலாம் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

ஏட்


பார்மத்
23 மார்ச்

அன்புள்ள ஏட்,

துடைப்பக் கட்டையைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். கீழே கடைக்காரம்மா என்ன என்று கேட்டார். என் புருஷன் எனக்குப் பதிலாக ஒரு கட்டையை வைத்துப் பார்த்தான், அதுவும் ஒத்துழைக்கவில்லை என்றேன்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்டது கேள்வி மாதிரி இல்லை, பட்டியலில் டிக் போட்டது மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டாய்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல். அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் கோட் மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குச் சற்று முன்னால், காரிலிருந்து இறங்கி வந்து உன் பக்கத்தில் குனிந்தேன். அப்போது உன்னிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா?

நெரிஸ்


கவென்ட்ரி
13 ஏப்ரல்

அன்புள்ள நெரிஸ்,

முதலில் ஞாபகம் வரவில்லை. இரண்டு வாரம் யோசித்தேன். நீ குனிந்தது நினைவிருந்தது, உன் முட்டியில் கிரீஸ் ஒட்டியது நினைவிருந்தது, பேச்சு மட்டும் இல்லை. நேற்று அதே இடத்தில் படுத்துப் பார்த்தேன். வந்துவிட்டது.

"இந்தத் திருகு ஏன் கீழ இருக்கு? காத்து மேலதானே போகும்?"

அதற்கு நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. "நீ மிதி, போதும்."

முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் அதோடு சுழலும் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு இரும்புக் கவ்வி இருக்கிறது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டாலும் போல்ட் சரியாக உட்காரும். நவம்பரில் கழுவி பெயிண்ட் அடித்து மாட்டியபோது நான் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டேன். அதனால் மேலே இருக்க வேண்டிய திருகு கீழே போய்விட்டது. காற்று மேலே தங்கிவிடும், கீழே எத்தனை முறை திறந்தாலும் ஆயில்தான் வரும். நீ சாகும்வரை மிதித்திருந்தாலும் அது வெளியே வந்திருக்காது. உன் கால் ஒரு தப்பும் செய்யவில்லை.

பயிற்சிக்கு வருகிற பையன் ஒருவன் இதைச் செய்திருந்தால் எங்கள் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இன்று இரண்டையும் கழற்றிச் சரியான பக்கம் மாட்டினேன். இனி காற்றெடுக்க வேண்டும், கடைசி முறையாக. 26-ஆம் தேதி சனிக்கிழமை வா. அதற்குப் பிறகு உனக்கு நான்கு நாள் இருக்கும். வண்டியைத் தொடாமல் காத்திருக்கிறேன்.

மன்னித்துக்கொள்.

ஏட்


பார்மத்
21 ஏப்ரல்

அன்புள்ள ஏட்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு நேர்மையாகத் தன் தப்பை எழுதுகிறவர்கள் அதிகம் இல்லை. இதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்தத் திருகு மேலேயே இருந்திருந்தால்? நீ சரியாக மாட்டியிருந்து, என் கால்தான் தப்பு செய்திருந்தால்? இந்தக் கடிதம் வந்திருக்காது. நான் கேட்டது முட்டாள்தனமான கேள்வியாக இருந்திருந்தாலும் நீ திரும்பி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன். அது உனக்கு இன்னும் தோன்றவில்லை. கவ்வி தப்பு என்று தெரிந்ததால்தான் நான் கேட்டது உனக்குப் பெரிதாகப் பட்டது.

இன்று காலை தலைமையாசிரியையிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

போகாக்கைக் கூப்பிடு. பாவம், அவருக்கும் ஆசையாக இருக்கிறது. அவரிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசு. சூடாக எதையாவது சாப்பிடு.

பூட்ஸை அனுப்பிவிடு. இங்கே மழை நிற்பதாகத் தெரியவில்லை.

நெரிஸ்


கவென்ட்ரி
4 மே

அன்புள்ள நெரிஸ்,

26-ஆம் தேதி காத்திருந்தேன், நீ வரமாட்டாய் என்று தெரிந்தும். சாயங்காலம்வரை கராஜ் கதவை மூடவில்லை. மறுநாள் போகாக்கைக் கூப்பிட்டேன். மிதித்துக்கொண்டே பேசினார், அவருடைய பஸ் ரூட் முழுவதும் எனக்கு இப்போது மனப்பாடம். நடுவில் "இவ்வளவு போதுமா தம்பி, இல்ல இன்னும் இறக்கணுமா?" என்றார். வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, போதும் என்றேன். எதுக்கு இதுக்கெல்லாம் எழுந்து வர்ற என்று கேட்டார்.

பெடல் கல் மாதிரி நிற்கிறது. வெள்ளிக்கிழமை வருஷச் சோதனையில் பாஸ்.

நேற்று காலை பூட்ஸைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தபாலில் அனுப்பத்தான் சொன்னாய். நேரில் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். ஷ்ரூஸ்பரி தாண்டும்வரை அது நல்ல யோசனையாகவே இருந்தது. வெல்ஷ்பூலில் ஒரு பெண் நாயோடு சாலையைக் கடந்தாள். மிதித்தேன், வண்டி ஒரு பக்கமாகக் கொஞ்சமும் இழுக்காமல் நேராக நின்றது. அவள் போன பிறகும் நான் நகரவில்லை. இன்னும் ஐம்பது மைல்கூட இல்லை. நீ என்னை வரச்சொல்லவில்லை என்பது அங்கேதான் உறைத்தது.

எதிரிலேயே தபால் நிலையம். பெட்டி வாங்கிக் கட்டினேன்.

"உள்ள என்ன?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"என் மனைவியோட பூட்ஸ்."

"வெறுங்காலோட காத்திருக்காங்களா?"

"இல்ல. காத்திருக்கல."

அவர் முத்திரை குத்தினார். நான் வண்டியைத் திருப்பினேன்.

இந்தக் கடிதத்தில் கேள்வி எதுவும் இல்லை, அதனால் நீ பதில் எழுத வேண்டியதில்லை. இடது பூட்ஸில் குதிகால் பக்கம் ஒரு கீறல் இருந்தது. ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். ஒழுகவில்லை.

ஏட்